என் பேருந்து மூன்று கார் இல்லை: மாநகராட்சி மன்றத்துக்கு ஓர் ஓட்டுநரின் திறந்த மடல்

மாநகர மேயர் அவர்களுக்கும், மன்ற உறுப்பினர்களுக்கும், போக்குவரத்துப் பிரிவுப் பொறியாளர்களுக்கும்,

பிரதான சாலை பற்றிச் சென்ற வாரம் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தைப் படித்தேன். பேருந்துகள் மட்டும் போகச் சாலையில் தனியாக ஒதுக்கி, 4 மாதம் சோதனையாக விட்டிருந்த பேருந்துத் தடத்தை அழிக்கப் போகிறீர்கள். இரண்டு பக்கமும் நடைபாதையை வெட்டிச் சாலையை அகலமாக்கப் போகிறீர்கள். பெரிய சந்திப்பின் மேல் மேம்பாலம் வரப் போகிறது. பேருந்துத் தடத்தை எடுப்பதற்குக் காரணமாக ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அது பிற வாகனங்களின் ஓட்டத்துக்கு இடையூறாக இருக்கிறதாம்.

அந்தப் பிற வாகனங்களுக்கு நடுவில் 19 வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவன் நான். இதை எழுதியதற்காக என்னிடம் விளக்கம் கேட்பார்கள் என்று சக ஓட்டுநர்கள் எச்சரித்தார்கள். கேட்டால் இந்த மடலையே விளக்கமாகக் கொடுத்துவிடுவேன்.

தீர்மானத்தோடு வைத்திருக்கும் ஆய்வறிக்கையில் ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் கார் என்ற சொல்லுக்கு நேராக 1, பேருந்துக்கு நேராக 3. இது என்ன எண் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. இரண்டு டிரிப்புக்கு நடுவே பணிமனையில் கிடைக்கும் நேரத்தில் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். சாலைப் பொறியியலில் எல்லா வண்டிகளையும் காராக மாற்றி எண்ணும் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு வண்டி சாலையில் எத்தனை காரின் இடத்தை அடைக்கிறதோ அதுதான் அதன் மதிப்பு. பேருந்துக்கு 2, 3 என்று சாலைக்குச் சாலை, நாட்டுக்கு நாடு மாறும். சிக்னலில் பச்சை எத்தனை விநாடி எரிய வேண்டும் என்று கணக்குப் போட இது தேவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சாலை யாருக்கு என்று முடிவு செய்யவும் அதே அட்டவணையைத்தான் எடுத்திருக்கிறீர்கள். அதில் என் வண்டி மூன்று காருக்குச் சமமான ஒரு தொல்லை. வண்டிக்குள் இருக்கும் 65 பேர் எந்தப் பத்தியிலும் இல்லை.

ஓட்டுநர் இருக்கை உயரமானது. பக்கத்துக் கார்களுக்குள் இருப்பதெல்லாம் தெரியும். ஒருநாள் காலை பெரிய சந்திப்பில் சிவப்பு விழுந்து நின்றபோது, பார்வைக்கு எட்டிய கார்களை வரிசையாக எண்ணினேன். 20 கார், 26 பேர். அப்புறம் பல நாள் எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒன்றிரண்டு கூடும், குறையும், அவ்வளவுதான். அந்தக் கணக்கில் என் வண்டியில் இருக்கும் 65 பேரும் காரில் வந்தால் 50 கார் வேண்டும். நின்றிருக்கும் ஒரு கார், முன்னால் விடும் இடைவெளியையும் சேர்த்து, 6 மீட்டர் பிடிக்கும் என்று வையுங்கள். 300 மீட்டர் வரிசை. என் பேருந்தின் நீளம் 12 மீட்டர்.

இந்த 65 பேரும் நாளைக்கே காரில் வந்தால் உங்கள் மேம்பாலத்தில் ஏறுவதற்கே வரிசை நிற்கும். அவர்கள் வராமல் இருக்கிறார்களே, அந்த நன்மைக்கு அட்டவணையில் எங்கே இடம்?

நான் ஓட்டும் வழித்தடம் ஒரு வழிக்கு 14 கிலோமீட்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மாலை டிரிப்பை 50 நிமிடத்தில் முடித்துவிடுவேன். சோதனைத் தடம் வருவதற்கு முந்தைய மாதம் அதே டிரிப் சராசரியாக 95 நிமிடம் ஆனது. டிரிப் ஷீட்டில் நானே கையால் எழுதிய நேரங்கள் இவை. நீங்கள் பேருந்துத் தடம் விட்டது வெறும் 5 கிலோமீட்டருக்குத்தான். அந்த 5 கிலோமீட்டரால் மட்டும் டிரிப் 73 நிமிடத்துக்கு இறங்கியது. மிச்சமான 22 நிமிடத்தை 65 ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு டிரிப்புக்கு ஏறக்குறைய 24 மணி நேரம், ஒரு முழு நாள், மக்களுக்குத் திரும்பக் கிடைத்தது. உங்கள் அறிக்கையில் கார்களுக்கு ஏற்பட்ட தாமதம் நிமிடம் பிசகாமல் இருக்கிறது. இந்த 22 நிமிடம் இல்லை.

வண்டி தாமதமாக வருவதைவிட, எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் பயணிகளை விரட்டுகிறது. அரை மணி நேரம் ஒரு வண்டியும் வராது, வந்தால் ஒரே தட எண்ணில் மூன்று சேர்ந்து வரும். ஓட்டுநர்கள் டீ குடிக்கப் போய்விட்டுக் கூட்டாகக் கிளம்பி வருகிறார்கள் என்று எங்களைத் திட்டாத பயணி கிடையாது. நடப்பது வேறு. 10 நிமிட இடைவெளியில்தான் கிளம்புகிறோம். முன்வண்டி ஒரு சந்திப்பில் 5 நிமிடம் மாட்டிக்கொள்கிறது. அந்த 5 நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. அத்தனை பேரும் ஏற இன்னும் நேரம் ஆகிறது, வண்டி இன்னும் பின்தங்குகிறது, அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் பெரிய கூட்டம். பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்ற ஆளே இல்லை, சரசரவென்று வந்து முன்வண்டியின் வாலைப் பிடித்துவிடுகிறது. முதல் வண்டியில் படிக்கட்டு வரை ஆள், இரண்டாவதில் பாதி இருக்கை காலி. முதல் சந்திப்பில் தொலைந்த அந்த 5 நிமிடம்தான் எல்லாவற்றுக்கும் மூலம். இரண்டு முறை இப்படிக் காத்திருந்து ஏமாந்தவர் மூன்றாவது மாதம் தவணையில் ஒரு வண்டி வாங்கிவிடுகிறார். அடுத்த நாள் அவரும் எனக்கு முன்னால் நிற்கிறார். நெரிசல் தனக்கான ஆளைத் தானே சேர்த்துக்கொள்வது இப்படித்தான்.

வாங்க முடியாதவர்கள் என் வண்டியிலேயே மிச்சமிருக்கிறார்கள். அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா ஒருவர், ஏழு மணி வேலைக்கு ஐந்தேகாலுக்கே நிறுத்தத்தில் நிற்பார். முக்கால் மணி நேரத்தில் போய்விடலாமே, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். "பத்து நிமிஷம் லேட்டுன்னா அரை நாள் சம்பளம் போயிடும் தம்பி" என்றார். நகரத்தின் நெரிசலுக்கு அவர் கட்டும் வரி அது, தூக்கத்தில் இருந்து கட்டுகிறார். பேருந்துத் தடம் விட்ட இரண்டாவது வாரம் அவர் ஐந்தே முக்காலுக்கு வர ஆரம்பித்தார். எந்த அறிவிப்பையும் படித்து வரவில்லை, தானாகவே கண்டுபிடித்துவிட்டார்.

என் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். நெரிசலில் ஒரு டிரிப்புக்குள் எத்தனை நூறு முறை கிளட்ச் மிதிக்கிறேன் என்று எண்ணியதில்லை, இடது முழங்கால் எண்ணி வைத்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் சிறுநீரை அடக்கி உட்கார்ந்திருப்பது என் வேலையின் ஒரு பகுதி, அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட ஓட்டுநர்கள் பலர். நாள் முழுக்க முன்னால் நிற்கும் வண்டியின் புகைக்குழாய்க்கு நேராகத்தான் எங்கள் மூக்கு. நின்று நின்று நகரும் வண்டி சீராக ஓடும் வண்டியைவிட அதிகம் குடிக்கும், அதிகம் கக்கும். சரி, இதைப் பேச ஆரம்பித்தால் மடல் நீளும்.

சோதனைத் தடத்தின் மேல் வந்த பெரிய புகார், அது காலியாகக் கிடக்கிறது என்பது. காரில் உட்கார்ந்து நகராமல் இருப்பவருக்குப் பக்கத்துத் தடம் வெறுமையாகத் தெரிந்தால் எரிச்சல் வரும், நியாயம்தான். ஆனால் ஓடுகிற தடம் காலியாகத்தான் தெரியும். நிறைந்து தெரிவது ஓடாத தடம். கணக்கைப் பாருங்கள். பச்சை விழுந்தபின் ஒரு தடத்தில் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு கார் சந்திப்பைத் தாண்டும். மணி நேரம் முழுவதும் பச்சையே எரிந்தால் 1,800 கார். பாதி நேரம் பச்சை என்றால் 900. காருக்கு 1.3 பேர் என்றால் 1,170 பேர். அதே தடத்தில் 2 நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட்டால் மணிக்கு 30 பேருந்து. ஒவ்வொன்றிலும் 65 பேர் என்றால் 1,950 பேர். ஒரு பேருந்து போய் அடுத்தது வரும் வரை அந்தத் தடம் காலியாகத்தான் கிடக்கும்! அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் நீங்கள் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள்.

மேம்பாலத்துக்கு வருகிறேன். 6 வருடத்துக்கு முன் இதே சாலையில் முந்தைய சந்திப்பின் மேல் ஒன்று கட்டினீர்கள். அது கட்டி முடியும் வரை நாங்கள் பட்டதை விடுங்கள். திறந்தபின் 8, 9 மாதம் நன்றாகத்தான் இருந்தது, நானே பாராட்டினேன். பிறகு என்ன ஆயிற்று? மேலே ஏறிய வண்டிகள் சிக்னல் இல்லாமல் பாய்ந்து வந்து, கீழே இறங்கும் இடத்தில் அடிச்சாலையில் வரும் வண்டிகளோடு முட்டுகின்றன. இரண்டு தடத்தில் வருவது ஒரு தடத்தில் நுழையப் பார்க்கிறது. அங்கிருந்து 400 மீட்டரில் அடுத்த சிக்னல். அது முன்பு எவ்வளவு விட்டதோ அவ்வளவுதான் இன்றும் விடுகிறது. முன்பு அந்தச் சந்திப்பில் நின்ற வரிசை இப்போது பாலத்தின் மேல் நிற்கிறது. காற்றோட்டமாக நிற்கிறது, அதுதான் வித்தியாசம். இப்போது அந்த அடுத்த சிக்னலுக்கும் பாலம் என்கிறீர்கள். அதற்கடுத்தும் ஒரு சிக்னல் இருக்கிறதே.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. சாலையை அகலமாக்கினால் உச்ச நேரத்தில் அது மறுபடி நிரம்பிவிடும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் 1962 இலேயே எழுதிவிட்டார். நேரம் மாற்றிப் போனவர்கள், சுற்றுப்பாதையில் போனவர்கள், பேருந்தில் போனவர்கள் எல்லாரும் புது இடத்தைப் பார்த்ததும் திரும்பி வந்துவிடுவார்கள் என்பது அவர் சொன்ன காரணம். ஹூஸ்டனில் கேட்டி நெடுஞ்சாலையைச் சேவைச் சாலைகளோடு சேர்த்துச் சில இடங்களில் 26 தடம் வரை விரித்து 2008 இல் முடித்தார்கள். சில வருடங்களில் உச்ச நேரப் பயணம் மறுபடி நீண்டுவிட்டது. எதிர்த் திசையிலும் உதாரணம் உண்டு. சியோலில் சோங்கேசோன் ஓடையை மூடி அதன் மேல் கட்டியிருந்த உயர்மட்டச் சாலையை 2003 இல் இடிக்கத் தொடங்கி, 2005 இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஊர் ஸ்தம்பித்துப் போகும் என்றார்கள். போகவில்லை. அதே நகரம் 2004 இல் சாலை நடுவில் பேருந்துக்கென்று தடம் ஒதுக்கிப் பேருந்து முறையையே மாற்றி அமைத்தது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். பேருந்து விட்டால் கார்கள் குறைந்துவிடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பேருந்துக்கு மாறியவர் விட்ட இடத்தை இன்னொரு கார் பிடித்துக்கொள்ளும், டவுன்ஸ் சொன்ன அதே விதிதான். கார்களை உண்மையிலேயே குறைத்த ஊர்கள் சாலைக்கு விலை வைத்தவை, அதாவது நகர மையத்துக்குள் வரும் வண்டிகளிடம் கட்டணம் வாங்கியவை. சிங்கப்பூர் 1975 இல் தொடங்கியது, லண்டன் 2003 இல். ஸ்டாக்ஹோமில் 2006 தொடக்கத்தில் 7 மாதம் சோதனையாகக் கட்டணம் வாங்கினார்கள். கட்டணப் பகுதியின் எல்லையைத் தாண்டும் வண்டிகள் 5 இல் 1 பங்கு குறைந்தன. சோதனை முடிந்ததும் பெரும்பாலும் பழைய நிலைக்கே ஏறின. அதைக் கண்ணால் பார்த்த மக்கள் அந்தச் செப்டம்பரில் வாக்கெடுப்பில் கட்டணம் வேண்டும் என்றார்கள், 2007 இல் அது நிரந்தரமானது. இத்தனைக்கும் தொடங்குவதற்கு முன் எதிர்ப்புதான் அதிகம். உங்களை நாளைக்கே கட்டணம் வைக்கச் சொல்லவில்லை. அவர்கள் சோதனை என்று சொன்னதை முடிவு வரை நடத்தினார்கள், எண்ணைக் காட்டி மக்களைக் கேட்டார்கள். நீங்கள் புகாரைக் கேட்டு மூடிவிட்டீர்கள். என் வண்டியில் ஏறி ஒருவரிடமாவது கேட்டீர்களா?

பாலம் இல்லாமலே குறைக்கக்கூடிய நெரிசலும் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2008 இல் வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 காரை விட்டு, சீராக ஓட்டுங்கள் என்று மட்டும் சொன்னார்கள். சிக்னல் இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே யாரும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு கார் லேசாக வேகத்தைக் குறைக்க, பின்னால் வந்தது கொஞ்சம் அதிகமாகக் குறைக்க, அதற்குப் பின்னால் வந்தது நின்றே போனது. அந்த நிறுத்தம் அலைபோலப் பின்னோக்கி நகர்ந்தது. ஒன்றுமே இல்லாத சாலையில் இப்படி என்றால், நிறுத்தத்துக்கு முன்னால் "ரெண்டே நிமிஷம்" என்று விளக்கைச் சிமிட்டவிட்டு ஒருவர் காரை நிறுத்திப் போனால் என்ன ஆகும்? நான் நிறுத்தத்துக்குள் நுழைய முடியாமல் நடுத் தடத்திலேயே நிற்பேன். பயணிகள் ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்கி ஓரத்துக்கு ஓடுவார்கள். பின்னால் வருகிறவர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டு என்னைத் திட்டுவார், அவர் கண்ணுக்கு நான் மட்டும்தான் தெரிவேன். அந்த ரெண்டு நிமிஷக்காரர் நகர்ந்து போய் அரை மணி நேரம் கழித்தும் அலை பின்னால் போய்க்கொண்டிருக்கும். அப்படி நிறுத்துகிறவரைத் தடுக்கக் கோடிக்கணக்கில் செலவில்லை, நிறுத்தத்தில் ஓர் ஆள் இருந்தால் போதும்.

ஆம்புலன்ஸ் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. போன வருடம் ஒரு மாலை, எனக்குப் பின்னால் ஒன்று வந்து மாட்டியது. மூன்று தடமும் அடைப்பு. பக்கக் கண்ணாடியில் அதன் சிவப்பு விளக்கு சுற்றிக்கொண்டே இருக்கிறது, எனக்கு ஒதுங்க ஓர் அடி இடமில்லை. நடத்துநர் கீழே இறங்கி இருசக்கர வண்டிகளை ஒவ்வொன்றாக நடைபாதைப் பக்கம் ஏற்றிவிட்டார். நான் அங்குலம் அங்குலமாக முன்னே போனேன். 200 மீட்டர் கடக்க நான்கு முறை சிக்னல் மாறியது. இதயம் நின்றுபோனவருக்கு முதலுதவி கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது என்று எங்கள் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே யார், என்ன என்று எனக்குத் தெரியாது. சோதனைத் தடம் இருந்த மாதங்களில் இப்படி ஐந்தாறு முறை ஆம்புலன்ஸ் பின்னால் வந்தது. தடத்தில் நான் ஒருவன்தானே, அடுத்த நிறுத்தத்தில் வண்டியை உள்ளே ஒதுக்கினேன், அது போய்விட்டது. ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது விநாடி ஆகியிருக்கும்.

நடைபாதை குறித்தும் ஒரு வார்த்தை. பேருந்தில் வருகிற ஒவ்வொருவரும் இறங்கியதும் நடக்கிறவர்தான். நடைபாதையை வெட்டினால் அவர் சாலையில் இறங்கி நடப்பார், அந்த ஓரத் தடம் பிறகு யாருக்கும் பயன்படாது. 18 மீட்டர் சாலையை 26 மீட்டர் ஆக்குகிறீர்கள். கடப்பதற்கு விடும் பச்சையை விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்று வைத்துக் கணக்கிடுவது பொது வழக்கம், அதன்படி 22 விநாடி. தடி ஊன்றி வரும் ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர் போனால் அவருக்கு 33 விநாடி வேண்டும். கடைசி 8 மீட்டரில் அவர் என் வண்டிக்கு நேரே நிற்பார், எனக்குப் பச்சை எரியும். என்னால் காத்திருக்க முடியும். பக்கத்துத் தடத்தில் வருகிறவர் என் வண்டி மறைப்பதால் அவரைப் பார்க்கவே மாட்டார்.

நான் கேட்பவை இவை.

பேருந்துத் தடத்தை அழிக்கும் வேலையை உடனே நிறுத்துங்கள். சோதனையை ஒரு வருடம் முழுமையாக நடத்துங்கள், பள்ளி விடுமுறை மாதமும் மழை மாதமும் அதில் வரட்டும். 5 கிலோமீட்டரோடு நிற்காமல் பெரிய சந்திப்பையும் தாண்டி நீட்டுங்கள். சந்திப்புக்கு 100 மீட்டர் முன்னால் தடம் அறுந்துபோனால் மிச்சம் பிடித்த நேரம் அத்தனையும் அங்கே கரைந்துவிடுகிறது.

ஆய்வறிக்கையை மறுபடி எழுதச் சொல்லுங்கள். வண்டிகளை எண்ணிய அதே இடத்தில், அதே நேரத்தில், அவற்றுக்குள் இருக்கும் ஆட்களையும் நடந்து போகிறவர்களையும் எண்ணி அட்டவணையில் இன்னொரு பத்தி சேர்க்க வேண்டும். அது முடியும் வரை மேம்பாலத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோரக் கூடாது. பழைய மேம்பாலத்தில் இன்று இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதையும் அளந்து அதே அறிக்கையில் போடுங்கள்.

நிறுத்தங்களுக்கு முன்னும் பின்னும் 30 மீட்டருக்கு வண்டி நிறுத்தத் தடை இருக்கிறது, பலகையும் இருக்கிறது. காலையும் மாலையும் உச்ச நேரத்தில் அதை நடைமுறைப்படுத்த ஆட்களைப் போடுங்கள்.

நடைபாதையில் ஓர் அடிகூடக் குறைக்காதீர்கள். கடக்கும் பச்சையை மெதுவாக நடப்பவருக்கு ஏற்ப நீட்டுங்கள், அதற்காக என் வண்டி பத்து விநாடி நின்றால் நிற்கட்டும்.

தீர்மானத்தை மறுபரிசீலனை செய்யும் கூட்டம் வைத்தால், காலை ஷிப்ட் ஓட்டுநர்களும் பயணிகளும் வரக்கூடிய நேரத்தில், மாலை 6 மணிக்குப் பிறகு வையுங்கள். போன முறை காலை 11 மணிக்கு வைத்தீர்கள், வந்தவர்கள் யார் என்பது வருகைப் பதிவிலேயே இருக்கும்.

சோதனைக்கு முந்தைய மாதத்துக்கும் சோதனை நடந்த 4 மாதத்துக்குமான என் டிரிப் ஷீட்டுகளின் நகல்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டாவது மாதத்தில் மூன்று நாள் எழுத்து மங்கலாக இருக்கும், அன்று மழை, ஜன்னல் மூடவில்லை. மூலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் பணிமனைப் பதிவேட்டில் இருக்கிறது.

இப்படிக்கு,
பிரதான சாலைத் தடத்தில் ஓடும் ஒரு பேருந்து ஓட்டுநர்